தாத்தாவைத் தேடி வந்த கறுப்புக் கண்ணாடி

என் தாத்தா யாரையும் சுலபத்தில் நம்பியவர் இல்லை. பால்காரர் ஒரு நாள் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டால் போதும், "இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்பார். அந்த ஆள் என்ன காரணம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலருகே நிற்பார். வீட்டுக்குள் வாசல் கண்ணில் படுகிற நாற்காலியில்தான் உட்காருவார். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்ப மாட்டார். அவர்கள் தாங்களாக எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டே பேசுவார்.

போரிலிருந்து திரும்பிய பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் பஸ் டிப்போவின் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் வண்டிகள் வெளியே போவதற்கு முன்னால், ஒரு சின்னச் சுத்தியலால் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை. இறுக்கமான நட்டு கணீரென்று பேசும். தளர்ந்தது முணங்கும். ஏற்கெனவே மேஸ்திரி பார்த்து அனுப்பிய வண்டியையும் அவர் மறுபடி சுற்றிவந்து தட்டுவார். டிரைவர்கள் அவருக்கு 'சுத்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுத்தியலால் தட்டுவதால் சுத்தியா, வண்டியைச் சுத்திச் சுத்தி வருவதால் சுத்தியா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா, நான் தவழ்கிற வயதில் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். அம்மாவுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஆகவே என்னைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, பள்ளிக்கூட வாசலில் விட்டு, திரும்பக் கூட்டிவந்தது எல்லாம் தாத்தாதான். ஜடை பின்னுவதைக் கீழ்த்தளத்தில் இருந்த தையல்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மாடியில் துணி காயப்போடும் கயிற்றின் நுனியைப் பிரித்துப் போட்டுப் பழகினார். அவர் பின்னினால் என் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். வகுப்பில் அதற்குப் பட்டாளப் பின்னல் என்று பெயர். சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேலைக்கே போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொறிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத் தன் பழைய காலுறைகளை என் கைகளில் மாட்டிவிட்டார். டிப்போவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "என் பேத்தி எழுந்து நடக்கட்டும், அப்புறம் உங்க வண்டி நடக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் போருக்குப் போனவர் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. யாராவது வாயைக் கிளறினால், "போனேன், வந்தேன்" என்பார். பள்ளியில் ஒருமுறை, போர் வீரர்களாக இருந்த தாத்தாக்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டதோடு, அந்த நாளில் பள்ளி வாசலுக்குக்கூட வரவில்லை. தையல்காரம்மாவை அனுப்பி என்னைக் கூட்டிவரச் சொன்னார். முன்னாள் வீரர்களின் சங்கக் கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. கடைத்தெருவுக்குப் போக அதுதான் குறுக்குவழி. தாத்தா எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவார். "அப்பாவுக்குக் கூட்டம்னாலே ஆகாது" என்று அம்மா சிரிப்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தாத்தா ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவின் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மருத்துவமனை வாசலுக்குப் போய் நிற்பதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார். நான் அப்போது மருத்துவமனைக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம்.

ஒரு நாள் அவர் வரவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். மறுநாளும் அதே வலி. ஆனால் அதே முழங்காலோடு ஸ்டூல் மேல் ஏறி, வாசற்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருந்தார். தெருப்பக்க ஜன்னலும் மூடியிருந்தது.

"வெயில் அடிக்குது" என்றார்.

வானம் மூட்டமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே தையல்காரம்மா படிக்கட்டில் என்னை மறித்தார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர் அவர். அன்றைக்கு ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசினார்.

"எதிர்த்த டீக்கடை பெஞ்சுல ஒரு கிழவர் வந்து உட்கார்றாரு, பார்த்தியா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. மூணு நாலு நாளா வர்றாரு. டீ ஆறிப்போகுது, குடிக்கிறதில்லை. உங்க ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்காரு."

"பார்வை தெரியாதவரா இருக்கும், அத்தை."

"தெரியாதவரு எதுக்கு டீக்கடைக்காரர்கிட்ட, மாடியில இருக்கிறவரு பட்டாளத்துல இருந்தவரான்னு கேக்கணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. உன் தாத்தாவுக்கு வேற ஒரு குடும்பம் கிடும்பம் இருந்திருக்குமோ?"

நான் இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இருக்கிற குடும்பத்துக்கே அவர் தாழ்ப்பாள் மேல தாழ்ப்பாள் போடுறாரு. இன்னொண்ணு எங்க வச்சுக் காப்பாத்துவாரு?" என்றாள். ஆனால் அன்று சாப்பிடும்போது அவள் கண் தாத்தாவின் முகத்தை விட்டு அகலவில்லை. கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அப்பா, கீழே டீக்கடையில ஒருத்தர் வந்து உட்கார்றாராமே. பார்த்தீங்களா?"

"நான் எங்க வெளியே போனேன், பார்க்கிறதுக்கு?"

"உங்களைப் பத்தி விசாரிச்சாராம்."

"கறுப்புக் கண்ணாடி போட்டவன் எவனாவது எதையாவது கேட்டா, அதுக்கு நான் என்ன பண்றது?"

அம்மா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தாள். "கறுப்புக் கண்ணாடின்னு நான் சொல்லவே இல்லையேப்பா."

தாத்தா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் கழுவினார்.

மறுநாள் மதியம், கடையில் அரை நாள் சொல்லிவிட்டு நான் நேராக டீக்கடைக்குப் போனேன். அவர் இருந்தார். தாத்தா வயதுதான். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, மடியில் மடித்து வைத்த குடை. நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"ஐயா, எங்க வீட்டை ஏன் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர் போல என் பக்கம் திரும்பினார்.

"நீ அவன் பேத்தியா?"

"யாரோட பேத்தின்னு கேக்கிறீங்க?"

"நல்லாத்தான் வளர்த்திருக்கான். கேள்விக்குக் கேள்வி." கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் சிவந்து, நீர் கோத்துக்கொண்டு இருந்தது. "கண்ணு ஆபரேஷனுக்காக இந்த ஊருக்கு வந்தேன். பல வருஷமா எல்லாமே புகை மாதிரிதான் தெரிஞ்சுது. கட்டைப் பிரிச்சு வெளியே கூட்டிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல தெளிவா நான் பார்த்த முதல் முகம் உன் தாத்தாவோடது. அவனும் என்னைப் பார்த்தான். பார்த்துட்டு, தெரியாத மாதிரி திரும்பி நடந்தான். பின்னாலேயே வந்து வீட்டைப் பார்த்து வச்சேன்."

"நீங்க யாரு?"

"நானும் அவனும் ஒரே படையில இருந்தோம். நான் ரேடியோ பார்த்தேன், அவன் வண்டி பார்த்தான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பிடிபட்டோம்."

எனக்குப் புரியவில்லை. தாத்தா எதிரியிடம் பிடிபட்டார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ரேடியோக்காரர் அவசரப்படாமல் சொன்னார். கைதிகள் முகாமில் இரண்டு குளிர்காலம் இருந்தார்கள். துணி துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் முள்கம்பி வேலி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை நெம்பிக்கொண்டு வெளியேற ஆறு பேர் திட்டம் போட்டார்கள். அவர்களில் இளையவன் நன்றாகப் பாடுவான், அவனைக் குயில் என்று கூப்பிடுவார்கள். குறித்த அன்று அதிகாலையில் கம்பிக்குப் போனபோது, எதிரிக் காவலர்கள் ஏற்கெனவே அங்கே பதுங்கிப் படுத்திருந்தார்கள். குயில் அங்கேயே செத்துப்போனான்.

"யாரோ முன்னாடியே சொல்லியிருக்காங்க" என்றார் ரேடியோக்காரர். "அதுக்கு முந்தின நாள் உன் தாத்தாவை அவங்க ஆபீசர் அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது அவன் கையில ஒரு பெட்டி சிகரெட்டு."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"எதுவும் வேண்டாம். அவன் வாயால கேக்கணும். அவ்வளவுதான்."

நான் வீட்டுக்குப் போனபோது தாத்தா மேசையில் செய்தித்தாளை விரித்து, என் செருப்பின் அறுந்த வாரை ஒட்டிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் வந்துட்டே?" என்றார். பால்காரரிடம் கேட்கிற அதே குரல். தலைவலி என்றேன். உடனே எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கையை அன்று நான் முதன்முறையாக வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தேன்.

பிறகு வந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் ஆனது. சங்கத்துக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போவது கூச்சமா, பயமா? வாசலைப் பார்த்து உட்காருவது பழக்கமா, யாராவது வந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பா? பிறந்ததிலிருந்து கூடவே இருந்த மனிதர், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகம் இல்லாதவராக மாறிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் எதிர்பார்த்த மாதிரி கோபப்படவில்லை.

"எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். எல்லாரும் போரிலிருந்து திரும்பி வந்துட்டாங்க, அப்பா மட்டும் வரலை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்தாரு. வந்ததும் ரெண்டு அதிகாரிங்க சாதா டிரெஸ்ல வீட்டுக்கு வருவாங்க. அப்பாவை உள் அறையில வச்சுக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவாங்க. மறுபடி வருவாங்க. அப்புறம் படையிலேருந்து அனுப்பிட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு எங்கம்மா ஊருக்குச் சொன்னா. அப்பா உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்கிறது சின்னப் பொண்ணு எனக்கே தெரியும்."

"அவர்கிட்ட நீ கேக்கவே இல்லையாம்மா?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அப்போது தாத்தா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வாயை மூடினோம். அவர் டம்ளரை எடுத்தார், குழாயை மூடினார், எங்களைப் பார்த்தார்.

"என்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கிறவங்க, நான் வந்ததும் நிறுத்துறாங்களே, அந்த அமைதி எனக்கு நல்லாத் தெரியும். முகாம்ல அந்தக் காலைக்கு அப்புறம் நான் எங்க போய் உட்கார்ந்தாலும் அதுதான். திரும்பி வந்த பிறகும் அதுதான்." டம்ளரை நிரப்பாமலே கீழே வைத்தார். "என் வீட்டுக்குள்ளயும் அது வந்தாச்சு. இனிமே தாழ்ப்பாள் போட்டு என்ன பிரயோஜனம்? கூட்டிட்டு வா அவனை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோக்காரர் வந்தார். தாத்தா முகம் மழித்து, டிப்போவில் ஓய்வுபெற்ற நாளன்று கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார். இருவரும் கை குலுக்கவில்லை. ரேடியோக்காரர் அறையை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, வாசலைப் பார்த்த நாற்காலிக்கு நேராகப் போனார். தாத்தாவும் அதே நாற்காலிக்கு வந்தார். இருவரும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை என்று தெரிந்ததும், அம்மா நீளமான பெஞ்சை இழுத்துச் சுவரோரமாகப் போட்டாள். இரண்டு கிழவர்களும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல வாசலைப் பார்த்துப் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச முடிந்தது. அது நல்லதாகப் போயிற்று.

"கேளு" என்றார் தாத்தா.

"நீ சொன்னியா?"

"இல்லை."

"ஆபீசர் அறைக்கு எதுக்குப் போனே?"

"அவனோட ஜீப் நின்னுபோச்சு. அவன் ஆளுங்களுக்கு ஓட்டத்தான் தெரியும். கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். சிகரெட்டு கொடுத்தான். அதை நானா குடிச்சேன்? நாம படுக்கிற கொட்டாயில எல்லாருக்கும் கொடுத்தேன். நீயும் ரெண்டு வாங்கினே."

"வாங்கினேன்" என்று ரேடியோக்காரர் ஒப்புக்கொண்டார். "ஜீப்புன்னு அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னேன். அன்னைக்குச் சிகரெட்டு கொடுக்கும்போது சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. குயில் செத்த பிறகு அதே வார்த்தையைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பலை."

பிறகு தாத்தா, குரலை உயர்த்தாமல், "இப்ப நான் கேக்கிறேன்" என்றார். "ஆறு பேர் போறதா இருந்துது. அஞ்சு பேர்தான் போனோம். நீ ஏன் வரலை?"

ரேடியோக்காரர் திரும்பினார். "எனக்குக் காய்ச்சல். படுத்துக் கிடந்தேன்."

"முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் கல்லு உடைச்சே. காய்ச்சல் சாயங்காலம் வந்துது. நாங்க பிடிபட்ட மறுநாளே சரியாப் போச்சு."

ரேடியோக்காரரின் சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண் மருந்தாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியவில்லை. துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷமா நீ என்னையா நினைச்சே?"

"வேற யாரை நினைக்கிறது? நான் இல்லைங்கிறது எனக்குத் தெரியும். மத்த மூணு பேரும் என் கூடவே தரையோட தரையா ஊர்ந்து வந்தாங்க. நீ ஒருத்தன்தான் கட்டில்ல இருந்தே. ஆஸ்பத்திரி வாசல்ல உன்னைப் பார்த்ததும் எதுக்குத் திரும்பி நடந்தேன்னு நினைக்கிறே? பயந்தா? உன்னோட பேச எனக்குப் பிடிக்கலை."

"நீயும் ஊர்ந்து போனியா, கம்பி வரைக்கும்?"

"குயிலுக்குப் பின்னாடி நான்தான். அவன் கால் என் கையில இருந்துது. சுட்டதும் பிடிச்சு இழுத்தேன். வந்தான். ஆனா உசிரு வரலை."

"நீ கொட்டகைக்குள்ளயே நின்னுட்டேன்னு எனக்குச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

ரேடியோக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. தாத்தா சட்டைப் பித்தான்களைக் கழற்றினார். தோள்பட்டையில் ஆழமான ஒரு தழும்பு. டிப்போவில் ஜாக்கி சறுக்கி விழுந்தது என்று எனக்குச் சொல்லியிருந்த தழும்பு அது. ரேடியோக்காரர் குனிந்து பார்த்தார்.

"குண்டா, கம்பி கிழிச்சதா?"

"கிட்டப் பாரு. புதுக் கண்ணுதானே."

அவர் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை அதில் வைத்தார். விரல் நுனி உள்ளே அமிழ்ந்தது.

"ரெண்டு பேரும் இல்லைன்னா, யாருமே சொல்லாம இருந்திருக்கலாமே?" என்றாள் அம்மா. "வார்டுல ஒரு நோயாளி மருந்தை முழுங்காம ஒளிச்சு வச்சா, யாரும் வந்து எங்ககிட்டச் சொல்றதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

தாத்தா யோசித்தார். "வழிக்கு வேணும்னு ஒரு வாரமா ரொட்டியைச் சாப்பிடாம சட்டைக்குள்ள வச்சோம். பசியில அடிச்சுக்கிட்டுக் கிடந்தவங்க, திடீர்னு வாங்கிக்கிட்டு ஒழுங்காப் போறோம். கொடுக்கிறவன் கவனிச்சிருப்பான்."

"ரொட்டியா?" என்றார் ரேடியோக்காரர். "ரொட்டியால போச்சுன்னு சொல்றியா?"

"தெரியாதுடா. இருக்கலாம்னு சொல்றேன்."

"நான் நம்பணுமா?"

"நானே முழுசா நம்பலை."

அன்று யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அம்மா டீ கொண்டுவந்தாள். தாத்தா முதலில் ஒரு வாய் குடிக்கும்வரை ரேடியோக்காரர் தன் கோப்பையைத் தொடவில்லை. தாத்தா அதைக் கவனித்தார். இன்னொரு வாய் குடித்துக் காட்டினார்.

ரேடியோக்காரர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்று சொல்லி, மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அந்த ஆபரேஷன் முடிந்த பிறகும் தங்கினார். தாத்தாவின் முழங்கால் வலி நின்றுபோனது. அம்மாவின் ஷிப்ட் முடியும்போது இப்போது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். மாலையில் கட்டம் போட்டுக் காய் வைத்து ஆடுவார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வந்து காய்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆட்டத்தின் நடுவே, "அந்தக் காய்ச்சலுக்கு உனக்கு என்ன மருந்து கொடுத்தாங்க?" என்று தாத்தா சாதாரணமாகக் கேட்பார். அடுத்த நாள், "அந்த ஜீப் என்ன கலர்?" என்று ரேடியோக்காரர் கேட்பார். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே அறையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் எங்களுக்கு.

குயிலுக்கு ஒரு தங்கை உண்டு என்று இருவருக்கும் தெரியும். முகாமில் அவளைப் பற்றியே பேசுவானாம். ரேடியோக்காரர், தாத்தா வழக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிற அந்தச் சங்கக் கட்டடத்துக்குள் போய் விசாரித்தார். தாத்தா தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரோ கையசைத்தபோது, தலையை மட்டும் ஆட்டினார். தங்கை இருக்கும் ஊர் தெரிந்தது. பஸ்ஸில் அரை நாள் பயணம். "ரெண்டு பேரையும் தனியா அனுப்பினா வழியிலேயே அடிச்சுக்குவாங்க" என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள்.

குயிலின் தங்கை இஸ்திரிக் கடை வைத்திருந்தார். தலை முழுக்க நரைத்த அம்மாள். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அண்ணன் என்ன பாடுவான், எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்டார். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார். அவர் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். யாரோ காட்டிக் கொடுத்துத்தான் அண்ணன் செத்தான்னு அப்பவே காதுல விழுந்துது. கூட இருந்தவன்தான்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரு?"

கடையில் சூடான துணியின் வாசனை. நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகத்தை ஓர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போக இதைவிட நல்ல சந்தர்ப்பம் ரேடியோக்காரருக்குக் கிடைக்காது. அவர் சும்மா கைகாட்டினால் போதும்.

ரேடியோக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இவன் இல்லைம்மா" என்றார்.

தாத்தா தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பல வருடமாக இறுக்கிவைத்திருந்த எதையோ யாரோ வந்து ஒரு சுற்றுத் தளர்த்திய மாதிரி இருந்தது.

"இவனும் இல்லை" என்றார் தாத்தா. "யாருன்னு தெரியலைம்மா. யாருமே இல்லாமயும் இருக்கலாம். கடைசி வரைக்கும் உங்க அண்ணன் கால் என் கையிலதான் இருந்துது. அவன் தனியா இல்லை."

அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், இருவருடைய சட்டைகளையும் கழற்றச் சொல்லித் தேய்த்துக் கொடுத்தார். தோள் தழும்போடு தாத்தாவும், எலும்பு தெரியும் மார்போடு ரேடியோக்காரரும் இஸ்திரிக் கடையில் பனியன் கூட இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தெருவில் போனவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாத்தா ரேடியோக்காரரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பொது இடத்தில் அவர் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. ரேடியோக்காரர் தோளை அசைக்காமல், ஊர் வரும்வரை விறைப்பாக உட்கார்ந்து வந்தார்.

அதற்குப் பிறகு தாத்தா மூன்று வருடம் இருந்தார். என் கல்யாணத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பற்றி அவர் வேலை செய்யும் இடம், பழைய வாடகை வீடு, முடிவெட்டும் கடை என்று ஓர் இடம் விடாமல் விசாரித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பிள்ளை பிறந்தபோது, தொட்டிலின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையையே பார்த்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டிப்போவிலிருந்து டிரைவர்கள் சீருடையோடு வந்தார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் மாலையோடு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அம்மா கொஞ்ச நேரம் அவரை நிற்கவிட்டாள். பிறகு உள்ளே கூப்பிட்டாள்.

ரேடியோக்காரர் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன வாரம் வந்தபோது என் மகனோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து, என் பக்கம் சாய்ந்தார்.

"கடைசி நாள்ல உன் தாத்தா என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்லையே."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் நான் என் கோப்பையைத் தொடும் முன்பே தன் டீயை எடுத்துக் குடித்தார்.